மேட்டு வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு எதற்கு?

திருவனந்தபுரத்தில் வீடு பார்க்கப் போகிறவர் தரகரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "மழை பெய்தால் தண்ணி ஏறுமா?" தரகரின் பதிலும் தவறாமல் ஒன்றுதான்: ஏழு குன்றுகள் மேல் எழும்பிய ஊர் இது, இங்கே ஏது வெள்ளம். 2018 ஆகஸ்டில் இந்தப் பதிலுக்குக் கூடுதல் பலம் வந்தது. ஆலுவாவும் செங்கன்னூரும் குட்டநாடும் மூழ்கின. மாநிலம் முழுக்க நானூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறைய 14 லட்சம் பேர் நிவாரண முகாம்களில் கிடந்தார்கள். தலைநகரம் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. இங்கிருந்து அரிசியும் பாயும் துணியும் லாரி லாரியாக வடக்கே போயின. வெள்ளம் என்பது மற்ற மாவட்டங்களின் சமாசாரம் என்ற நினைப்பு அந்த மாதம் இந்த ஊரில் இன்னும் ஆழமாக ஊன்றியது.

அந்த நினைப்பு ஐந்தாண்டு நீடித்தது. 2023 அக்டோபர் 14 இரவு தொடங்கிய மழை விடிவதற்குள் நகரத்தின் பல பகுதிகளை மூழ்கடித்தது. கண்ணம்மூலை, கவுரீசபட்டம், தேக்குமூடு பண்டு காலனி என்று வழக்கமாகத் தண்ணீர் ஏறும் இடங்கள் மட்டுமல்ல. டெக்னோபார்க்கின் மூன்றாம் வளாகத்தை ஒட்டிய தெற்றியாறு கரைமீறி, மென்பொருள் ஊழியர்கள் வாடகைக்கு இருந்த வீடுகளுக்குள்ளும் புகுந்தது. கழக்கூட்டம் துணைமின் நிலையத்துக்குள் தண்ணீர் போனதால் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அன்று காலை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஃபிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றியவர்களில் எத்தனை பேர், தங்கள் வீடு வெள்ளப் பகுதிக்கு வெளியே இருப்பதாக அதற்கு முந்தைய நாள் வரை நம்பியிருப்பார்கள்?

வெள்ளப் பகுதிக்கு வெளியே வீடு வைத்திருப்பவர் வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டுமா என்ற கேள்வி பெரிதாக எழுவது அமெரிக்காவில். அங்கே அது பொருளுள்ள கேள்வி. 1968 முதல் அரசே நடத்தும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வரைபடத்தில் கோடு போட்டு, ஓராண்டில் வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பாவது உள்ள இடங்களை அபாயப் பகுதி என்று அறிவிக்கிறார்கள். கோட்டுக்குள் வீடு இருந்து, அதன் மேல் அரசு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட வங்கிக் கடனும் இருந்தால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். வெளியே இருந்தால் உங்கள் விருப்பம். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். வாங்கினாலும் பொதுவாக முப்பது நாள் கழித்தே அமலுக்கு வரும்; புயல் கிளம்பிய பிறகு ஓடிப்போய் வாங்க முடியாது.

நூற்றில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வெள்ளம் வரும் வாய்ப்பாக அதைக் கணக்கிட்டால் நூற்றுக்கு இருபத்தாறு வருகிறது. கோட்டுக்கு வெளியே ஐந்நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வீட்டுக்கும் அதே முப்பது ஆண்டில் நூற்றுக்கு ஆறு. அந்தத் திட்டத்தை நடத்தும் பேரிடர் நிர்வாக அமைப்பே ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறது: 2014 முதல் 2018 வரை வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு, அதிக அபாயம் என்று குறிக்கப்படாத இடங்களிலிருந்து வந்தவை. ஆற்றையும் கடலையும் பார்த்துக் கோடு போட்டார்கள். அடைத்துக்கொண்ட சாக்கடை அந்தக் கணக்கில் வரவில்லை.

நம் ஊருக்கு வருவோம். கேரளத்திலும் வரைபடம் உண்டு. மாநிலப் பரப்பில் ஏறக்குறைய 14.5 விழுக்காடு வெள்ள அபாயம் உள்ளது என்று மாநிலப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் சொல்கிறது. மாவட்டவாரியாகப் படமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் திருவனந்தபுரம் நகரத்தின் வெள்ளம் பெரும்பாலும் ஆற்று வெள்ளம் அல்ல. கரமனை ஆறும் கிள்ளியாறும் பெருகுவது உண்டு. அருவிக்கரை அணையின் ஷட்டர் திறக்கும்போது கரையோரத்தாருக்கு எச்சரிக்கை வருவதும் உண்டு. நகரின் நடுவே வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கு வழி வேறு. ஆமயிழஞ்சான் தோடு (ஓடை) வானாய்வகக் குன்றின் பக்கம் பிறந்து, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் சுரங்கமாக நுழைந்து, வஞ்சியூர் தாண்டிக் கண்ணம்மூலைக்கு வருகிறது. அங்கே பட்டம் தோடும் உள்ளூர் தோடும் (உள்ளூர் என்பது இங்கே ஊர்ப்பெயர்) சேர்ந்துகொள்கின்றன. மூன்றும் ஒன்றாகி ஆக்குளம் காயலுக்குப் போய், வேளியில் கடலைத் தொட வேண்டும். காயல் கடலைச் சேரும் வாயான வேளிப் பொழியில் மணல் மேடிட்டுக் கிடந்தால் தண்ணீர் போக வழியில்லை. மழை நாளில் பொழியை வெட்டிவிட வேண்டும். ஆக்குளத்தில் வண்டலும் ஆகாயத்தாமரையும் நிறைந்திருந்தால் அதற்கு முன்பே தண்ணீர் தேங்கி நிற்கும். ஆக, எங்கோ கடற்கரையில் நிற்கும் மணல்மேடு, கவுரீசபட்டத்தில் ஒருவர் வீட்டுச் சமையலறையில் முழங்காலளவுத் தண்ணீராக வந்து நிற்கிறது.

இந்தத் தோட்டைச் சுத்தம் செய்ய ஊர் முயலாமல் இல்லை. 2015-இல் தலைமைச் செயலர் ஜிஜி தாம்சனும் ஆட்சியர் பிஜு பிரபாகரும் 'ஆபரேஷன் அனந்தா' என்று இறங்கி, ஆக்கிரமிப்புகளை இடித்தார்கள்; மூடிய வடிகால்களைத் திறந்தார்கள். தம்பானூரும் கிழக்கேகோட்டையும் ஒரு மழைக்கே குளமாகும் நிலை சில காலம் குறைந்தது. பிறகு குப்பை மறுபடி சேர்ந்தது. 2024 ஜூலையில் அதே ரயில்வே சுரங்கத்துக்குள் குப்பை அள்ள இறங்கிய தற்காலிகத் தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். உடல் கிடைக்க இரண்டு நாள் ஆனது. வடிகாலின் நிலையை அறிய இதைவிட வேறு ஆய்வறிக்கை வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த ஆண்டின் வெள்ளப் பகுதி நீண்டு சுருங்குகிறது. அப்படி நகரும் எல்லைக்குக் கோடு போட்டு என்ன செய்வது?

ஒரு வீட்டின் உண்மையான அபாயத்தை அறிய இங்கே வெள்ள வரைபடத்தைவிட நம்பகமான ஒரு காகிதம் இருக்கிறது. அது கிராம அலுவலகத்து அடிப்படை வரிப் பதிவேடு. உங்கள் மனை அதில் 'புரயிடம்' என்று இருந்தால் அது பழைய கரைநிலம். 'நிலம்' என்று இருந்தால் ஒரு காலத்தில் நெல்வயல். 2008-இல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வயலை நிரப்புவது குற்றம். ஆனால் அதற்கு முன் நிரப்பியவை ஏராளம், 2018 திருத்தத்துக்குப் பின் கட்டணம் கட்டிப் பதிவேட்டில் இனம் மாற்றிக்கொண்டவையும் ஏராளம். செம்மண் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு, மூன்று படுக்கையறை வில்லா எழுப்பினாலும் தண்ணீர் தன் பழைய தாழ்வை மறப்பதில்லை. மனைப் பத்திரத்தைப் பத்து வழக்கறிஞர்களிடம் காட்டுகிறவர்கள் இந்த ஒரு சொல்லைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், 'இனம் மாத்தியாச்சு சார்' என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இனம் மாறியது காகிதத்தில்.

இனிக் காப்பீடு. அமெரிக்கக் கேள்வியை அப்படியே இங்கே இறக்கினால் அது வழுக்கிவிடும். ஏனென்றால் இந்தியாவில் வெள்ளத்தை மட்டும் தனியாக வாங்கும் வழக்கம் வீட்டுக்கு இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல், பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதித்தது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. தீ, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், தண்ணீர் சூழ்தல், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி வெடித்தல் என எல்லாம் ஒரே கட்டில் வருகின்றன. எனவே இங்கே கேட்க வேண்டியது வெள்ளத்துக்காக ஒரு பாலிசி வேண்டுமா என்பதல்ல. வீட்டுக்கு ஒரு பாலிசி வேண்டுமா என்பதே.

கட்டண விஷயத்தில் ஒரு வினோதம் உண்டு. 2007-க்கு முன், நாடு முழுவதும் தீக்காப்பீட்டுக்கு ஒரே கட்டண அட்டவணை இருந்தபோது, நிலநடுக்கத்துக்கு மண்டலம் பிரித்தார்கள். வெள்ளத்துக்கு அப்படிப் பிரிக்கவில்லை. கட்டணக் கட்டுப்பாடு போன பிறகும், சாதாரண வீட்டுக்கு 'உங்கள் தரைமட்டம் என்ன உயரம்' என்று கேட்டு பிரீமியம் சொல்லும் பழக்கம் பரவலாகவில்லை. கவடியார் மேட்டுக்காரரும் கண்ணம்மூலைப் பள்ளத்துக்காரரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கட்டுகிறார்கள். கணக்குப்படி இது மேட்டுக்காரருக்கு நஷ்டம், பள்ளத்துக்காரருக்கு லாபம். அப்படியென்றால் மேட்டுக்காரர் ஏன் கட்ட வேண்டும்?

எண்களையே பார்ப்போம். ஆயிரத்து இருநூறு சதுர அடி வீடு, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டுத் தொகை 24 லட்சம். வெள்ளம் வந்தால் இழப்பு ஐந்து லட்சம் என்று வைப்போம். ஐந்நூறு ஆண்டுக்கு ஒரு முறை என்றால், ஆண்டுக்கு அந்த அபாயத்தின் நியாயமான விலை ஆயிரம் ரூபாய். நூறு ஆண்டுக்கு ஒரு முறை என்றால் ஐயாயிரம். இந்த அளவு வீட்டுக்கு எல்லா அபாயங்களையும் சேர்த்து வாங்கும் ஆண்டு பிரீமியம் பெரும்பாலும் சில ஆயிரங்களைத் தாண்டுவதில்லை. மேட்டுக்காரர் வெள்ளத்துக்காக மட்டும் கட்டினால் ஒருவேளை கொஞ்சம் அதிகமாகக் கட்டுகிறார். தீயும் மின்னலும் நிலச்சரிவும் கூடவே வருவதால் அந்தக் கொஞ்சமும் கரைந்துவிடுகிறது. குன்றின் மேல் இருப்பவருக்கு வெள்ளத்தைவிட வெட்டுக்கல் மதில் சரிவதுதான் பெரிய பயம். இந்தப் பாலிசியில் மதில், கேட், தாங்குசுவர், செப்டிக் டாங்க், கூரை மேல் சூரியத் தகடு வரை 'வீடு' என்ற சொல்லுக்குள் அடங்கும்.

கரமனை அக்ரஹாரத்தில் ஏஜென்ட் ஒருவர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாமி சொன்னது காதில் விழுந்தது: "ஆத்துத் தண்ணி எங்காத்துப் படிக்கட்டு வரைக்கும் வந்ததில்லேடா அம்பி. அப்படி வந்தா கவர்மென்ட் குடுக்காதா?" ஏஜென்ட் சிரித்து மழுப்பினார். ஆனால் மாமியின் கேள்விதான் இந்த விவாதத்தின் மையம். காப்பீடு எடுக்காத பெரும்பாலோர் மனத்தில் எழுதப்படாத ஒரு பாலிசி இருக்கிறது; அதை வழங்குபவர் முதலமைச்சர்.

அந்தப் பாலிசியின் தொகை என்னவென்று 2018 காட்டியது. வெள்ளம் புகுந்த குடும்பத்துக்கு உடனடி உதவி பத்தாயிரம் ரூபாய். வீட்டின் சேதம் பதினைந்து விழுக்காட்டுக்குள் என்றால் பத்தாயிரம், முப்பதுக்குள் அறுபதாயிரம், அறுபதுக்குள் ஒன்றேகால் லட்சம், எழுபத்தைந்துக்குள் இரண்டரை லட்சம், அதற்கு மேல் நான்கு லட்சம். மத்திய அரசின் அன்றைய பேரிடர் நிதி விதிகள் இதைவிடக் கஞ்சத்தனமானவை: சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 95,100 ரூபாய். கேரளம் தன் நிவாரண நிதியிலிருந்து கூட்டிக் கொடுத்ததால்தான் நான்கு லட்சம் ஆனது. இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நகர வெள்ளத்தில் வீடு இடிவது அபூர்வம். சுவர் நிற்கும், உள்ளே வாஷிங் மெஷின், மெத்தை, இன்வெர்ட்டர் பேட்டரி, பிளைவுட் அலமாரி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிருக்கும். தூணும் சுவரும் பார்த்து சதவீதம் போடும் பொறியாளரின் கணக்கில் அந்த வீடு பதினைந்துக்குள் நிற்கும். நிவாரணம் ஏழையின் இடிந்த வீட்டுக்கென்று வகுக்கப்பட்டது, அது சரிதான். நடுத்தர வீட்டின் நனைந்த பொருளுக்கு அதில் இடமில்லை.

பாலிசியோ இதற்கு நேர்மாறு. கட்டடத்துக்கு எடுக்கும் தொகையில் இருபது விழுக்காடு, அதிகபட்சம் பத்து லட்சம் வரை, பட்டியல் எதுவும் கொடுக்காமலே வீட்டுப் பொருள்களுக்குத் தானாகச் சேர்ந்துவிடும். மேலே சொன்ன 24 லட்சம் வீட்டில் அது 4 லட்சத்து 80 ஆயிரம். நகைக்குத் தனியாகச் சொல்லித் தொகை சேர்க்க வேண்டும். குறைத்துக் காப்பீடு எடுத்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டும் பழைய வழக்கம் இந்தப் பாலிசியில் இல்லை. என் பார்வையில், 2021-க்குப் பிறகு வந்த மாற்றங்களில் பயனாளிக்கு மிகப் பெரிய நன்மை இதுதான். ஆனால் விளம்பரத்தில் இதைப் பார்க்க முடியாது.

மனையின் விலை எதிலும் சேராது. இதில் பலர் குழம்புகிறார்கள். சாஸ்தமங்கலத்தில் எட்டு சென்ட் மனையோடு கோடிக்கு மேல் வாங்கிய வீட்டுக்குக் கோடிக்கு பிரீமியம் கட்டத் தேவையில்லை. வெள்ளம் மண்ணை எடுத்துக்கொண்டு போவதில்லை. மறுபடி கட்ட ஆகும் செலவுதான் தொகை. இன்னொரு குழப்பம் வங்கியில் தொடங்குகிறது. வீட்டுக்கடன் வாங்கும்போது நீட்டப்படும் காகிதக் கட்டில் எங்கோ 'இன்ஷூரன்ஸ்' என்று பார்த்துவிட்டு வீடு காப்பீட்டில் இருப்பதாக நம்புகிறார்கள். எடுத்துப் பார்த்தால் பல நேரம் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. வீடு மூழ்கினால் அதிலிருந்து ஒரு காசு வராது. பழைய பையைத் திறந்து இந்த ஒரு காகிதத்தைப் பார்ப்பது எந்த ஆலோசகரிடம் போவதையும்விடப் பயன் தரும்.

காப்பீடு வேண்டாம் என்பவர்களின் வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆக்குளம் பக்கம் பத்தாவது மாடியில் இருப்பவர் ஏன் வெள்ளத்துக்குப் பணம் கட்ட வேண்டும்? அவர் மெத்தை நனையாது. ஆனால் கீழ்த்தளத்தில் டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், லிஃப்டின் அடிக்குழி, மோட்டார், கார் எல்லாம் இருக்கின்றன. அங்கே தண்ணீர் நின்றால் பத்தாவது மாடிக்குத் தண்ணீரும் கரண்டும் இல்லை. அங்கே கேட்க வேண்டியது சங்கத்தின் பொதுப் பாலிசியைப் பற்றி. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பெயின்ட் நிறத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவர்கள் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். தன் வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு மட்டும் அவர் தனியாக எடுத்தால் போதும். வாடகைக்கு இருப்பவரும் அப்படி எடுக்கலாம். காருக்கு இதில் இடமில்லை. மோட்டார் பாலிசியிலும் தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இல்லாமல் பணம் பெறுவது கடினம்.

கையில் நிறையப் பணம் உள்ளவருக்குக் காப்பீடு தேவையில்லை என்ற வாதமும் சரியானதே. ஐந்து லட்சம் போனால் தூக்கம் கெடாதவர் பிரீமியத்தைச் சேமித்துக்கொள்ளலாம். நான் பார்த்தவரை அவர்கள்தான் பாலிசி எடுத்தும் வைத்திருக்கிறார்கள். ஐந்து லட்சத்தில் வாழ்க்கை சாய்ந்துவிடக்கூடியவர் எடுப்பதில்லை. வளைகுடாவிலிருந்து ஆண்டுக்கொரு முறை வந்துபோகும் குடும்பங்களின் பூட்டிய வீடுகள் இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு. தண்ணீர் ஏறி இறங்கிய செய்தியே அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் தெரியும். அவர்கள் பாலிசி எடுப்பதோடு நிற்காமல், வீடு நெடுநாள் ஆளில்லாமல் கிடப்பது பற்றிய நிபந்தனையைப் படித்து, நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்து வைப்பது நல்லது.

மற்றொரு வாதம்: 'கிளைம் என்று போனால் கொடுக்க மாட்டான்.' இதில் பாதி உண்மை. மழைத்தண்ணீர் தேங்கியது வெள்ளமா என்பதே நீண்ட காலம் சண்டையாக இருந்தது. ராஜஸ்தானில் கனமழையில் நிலக்கரிக் குவியல் அடித்துச் செல்லப்பட்ட வழக்கில், ஆறோ ஏரியோ கரை உடைக்கவில்லை, எனவே வெள்ளம் இல்லை என்று ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் வாதாடியது. ஜே.கே. சிமென்ட் நிறுவனம் தொடுத்த அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மழைநீர் திரண்டு நிற்பதும் தண்ணீர் சூழ்தல்தான் என்று 2020-இல் தீர்ப்பு வந்தது. நகரவாசிக்கு இந்தத் தீர்ப்பு மிக முக்கியம். நம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் பெயரில்லாத தண்ணீர்தான்.

ஆனால் கூரையிலிருந்து மெல்லக் கசிந்து சுவர் ஊறியது வெள்ளம் ஆகாது. அது பராமரிப்புக் குறை. ஐப்பசி மழையோடு மதில் விழுந்தால், தண்ணீர் அழுத்தித் தள்ளியதா, அஸ்திவாரம் முன்பே போயிருந்ததா என்று சர்வேயர் பார்ப்பார். மின்னலில் டிவி எரிந்தால், உயர் மின்னழுத்தத்தால் அந்தக் கருவிக்கே நேர்ந்த பழுதுக்குத் தனி விலக்கு இருக்கிறது. அதிலிருந்து பரவிய தீக்கு விலக்கு இல்லை. சண்டைகள் பெரும்பாலும் இந்த ஓரங்களில் வருகின்றன. தண்ணீர் வடிந்ததும் நம் கை முதலில் துடைப்பத்தைத் தேடுகிறது. அதற்கு முன் கைப்பேசியை எடுத்து, சுவரில் சேற்றுக்கோடு நிற்கும் உயரத்தை ஒரு ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து, ஃபிரிட்ஜின் பின்பக்கம் உள்ள மாடல் எண்ணையும் எடுத்துவிட்டு, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிய பிறகு கழுவத் தொடங்குவது நல்லது. நனைந்த மெத்தையைத் தெருவில் எறிந்துவிட்டால் சர்வேயர் எதைப் பார்ப்பார்? மறுத்துவிட்டால் கொச்சியில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. ஐம்பது லட்சம் வரையிலான புகாரை வக்கீல் இல்லாமல், கட்டணம் இல்லாமல் அங்கே கொண்டுபோகலாம்.

'நூறு வருஷமாகத் தண்ணி வந்ததில்லை' என்பவரிடம் காயல்பட்டினத்தைச் சொல்லலாம். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே இறங்கிக் கிழக்கே திரும்பினால் அரை நாள் பயணத்தில் வரும் ஊர். வறண்ட கடற்கரை, உப்பளம், தேரிமண். 2023 டிசம்பர் 17-18-இல் ஒரே நாளில் அங்கே பெய்தது ஏறக்குறைய 95 செ.மீ. ஓராண்டுக்குப் பெய்ய வேண்டிய மழை இருபத்து நான்கு மணி நேரத்தில். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் நின்றது. தாமிரபரணிக்கு எவ்வளவோ தள்ளி இருந்த தெருக்களும் மூழ்கின. அந்த மாவட்டத்துக்காரர் யாரிடமாவது அதற்கு முந்தைய வாரம் வெள்ளக் காப்பீடு பற்றிப் பேசியிருந்தால் குடிநீர்ப் பஞ்சத்துக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டிருப்பார்.

எல்லோரும் சேர்ந்தால்தான் இந்தக் கட்டணம் இந்த மலிவில் நிற்கும் என்பதும் கவனிக்க வேண்டியது. பள்ளத்துக்காரர்கள் மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கத் திட்டம் காட்டிவிட்டது: 2017-இல் பதினாறு பில்லியன் டாலர் கடனை அரசு தள்ளுபடி செய்த பிறகும் இருபது பில்லியனுக்கு மேல் கடன் நின்றது. பிரிட்டனில் 2016 முதல் 'ஃப்ளட் ரீ' என்ற ஏற்பாட்டில், எல்லா வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் வரி வசூலித்து வெள்ளப் பகுதி வீடுகளின் பிரீமியத்தைக் குறைக்கிறார்கள். 2009 முதல் கட்டிய வீடுகளுக்கு அதில் இடமில்லை. தெரிந்தே பள்ளத்தில் கட்டியவரைத் தாங்க வேண்டாம் என்று. வயலை நிரப்பிய வில்லாக்களை நினைத்தால் நமக்கும் அப்படி ஒரு விதி வேண்டும் என்றே தோன்றுகிறது.

ஆகவே மேட்டு வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்குத் தயக்கமில்லை: எடுக்கட்டும். விலை குறைவு, வாசகம் தெளிவு, அவர் அபாயமும் அவர் நினைப்பது போல பூஜ்யம் அல்ல. சிக்கலானது இதே நகரத்தின் மேற்கு எல்லை. வலியதுறை, செறியதுறை, சங்குமுகம், பூந்துறை, பனத்துறை. அங்கே வீட்டை எடுத்துப் போவது மழை அல்ல, கடலரிப்பு. ஒவ்வொரு பருவத்திலும் கரை உள்ளே வர, முன்வரிசை வீடு அஸ்திவாரம் தெரியத் தொங்கி, ஒரு நாள் அலையோடு போகிறது. பாரத் கிருஹ ரக்ஷாவில் நிலச்சரிவு, நிலம் உள்வாங்குதல் என்ற பகுதியைப் படித்தால், கடலோர, ஆற்றோர அரிப்பு அதிலிருந்து விலக்கப்பட்டிருப்பது தெரியும். காப்பீட்டுக் கணக்கில் இது புரிந்துகொள்ளக்கூடியதே. நிச்சயம் நடக்கப்போவதற்குக் காப்பீடு கிடையாது. ஆனால் விளைவு என்ன? வெள்ளம் வர வாய்ப்புக் குறைந்த கவடியாருக்குப் பாலிசி கிடைக்கிறது; வீடு போவது உறுதியான வலியதுறைக்குக் கிடைப்பதில்லை.

வலியதுறைக் குடும்பங்கள் பல ஆண்டுகள் ஒரு சிமென்ட் கிடங்கில் தட்டி மறைத்து வாழ்ந்தார்கள். கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருப்பவர்களை இடம் மாற்ற மாநில அரசு 'புனர்கேஹம்' திட்டத்தில் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வைத்தது: நிலத்துக்கு ஆறு, வீட்டுக்கு நான்கு. இந்த நகரத்தில் அந்த ஆறு லட்சத்துக்குக் கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில் நிலம் எங்கே கிடைக்கும்? அதனால் முட்டத்தறையில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். கடலரிப்புக்கு வெளியே வந்துவிட்ட அந்த வீடுகள் இனி பாலிசிக்குத் தகுதி உள்ளவை. முட்டத்தறை தாழ்ந்த நிலம், பார்வதி புத்தனாறு பக்கம்; காப்பீடு அங்கே அலங்காரமாக இருக்காது. பாரத் கிருஹ ரக்ஷாவைப் பத்தாண்டு வரைக்கும் ஒரே தவணையில் எடுக்கலாம். நாகாலாந்து அரசு 2024-இல் மாநிலம் முழுமைக்கும் பேரிடர்க் காப்பீட்டுக்குத் தானே பணம் கட்டியிருக்கிறது. சாவியோடு சேர்த்துப் பத்தாண்டுப் பாலிசியையும் அந்தக் குடும்பங்கள் கையில் கொடுக்கக் கேரள அரசுக்கு ஆகும் செலவு, ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய பத்து லட்சத்தில் மிகச் சிறு பங்குதான்.